அழகர் நின்று நின்றுதான் வருகிறார்

பங்குனி பிறந்து சில நாளில் எங்கள் பக்கத்து வேம்புகள் பூத்துவிடும். விடியுமுன் தெளித்துக் கோலம் போட்ட வாசலில், காபி குடித்து முடிப்பதற்குள் பூ உதிர்ந்து கிடக்கும். புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளிர் விட்டிருக்கும். தெருவில் மாவடு கூடை வரும். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ்க் கணக்கு. மதுரை மண்ணில் அது வெயில் ஏறும் காலம்தான். ஆனாலும் அதன் விடியற்காலையும் அந்திப் பொழுதும் அவ்வளவு இதமானவை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் மூட்டு வலியோடு வீட்டுக்குள் கிடந்த பெரியவர்கள் வெளிக்காற்றுக்கு ஏங்கத் தொடங்குவது இந்த நாட்களில்தான். என் அம்மா திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, "கொடியேத்தம் என்னைக்குத்தா?" என்று கேட்டுவிட்டால் எங்கள் வீட்டுக்குச் சித்திரை வந்துவிட்டது.

கொடியேற்றம் என்பது மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின் கொடியேற்றம். பட்டாபிஷேகம், திக்குவிஜயம், திருக்கல்யாணம், தேர் என்று வரிசையாக நடந்து முடியும் நேரத்தில், வடக்கே அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குவார். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவரும், தேனூரில் நடந்த அழகர் விழாவை மதுரைக்குக் கொண்டுவந்தவரும் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பார்கள். மாசியில் குடியானவருக்குக் கைநிறைய வேலை. சித்திரையில் அறுப்பு முடிந்து, தானியம் குதிருக்குள் போய், மாடும் மனிதனும் ஓய்ந்திருப்பார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் ஓய்வுக் காலத்துக்குள் கொண்டுவந்து வைத்த விழா இது. அதனால்தான் வீட்டில் ஒருவரைக்கூட விட்டுவிடாமல் குடும்பத்தோடு கிளம்பிப் போகிற வழக்கம் உண்டாயிற்று.

எழுபதுகளில் எங்கள் ஊரிலிருந்து கூண்டு வண்டி கட்டிப் போனோம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, அதில் அப்பத்தா, பெரியம்மா, கைக்குழந்தைக்காரிகள், நாங்கள். ஆண்கள் வண்டியோடு நடந்து வருவார்கள். கட்டுச்சோறும் புளியோதரையும் தூக்குவாளிகளில் இருக்கும். அப்பத்தா அறுபதைத் தாண்டியவள். அவளுக்கு முழங்கால் வலி இருந்தது, கண்ணில் புரை விழுந்திருந்தது. இருந்தும் அவளை அழைத்துப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. பயணத்தை நடத்தியதே அவள்தான். எந்த மண்டபத்தில் நிற்க வேண்டும், எங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், எந்த மரத்தடியில் சோற்றைப் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தன.

"வண்டிய நிறுத்துப்பா, புள்ளைக்கு அவசரமாம்" என்று அவள் சொன்னால் வண்டி நிற்கும். அவசரப்பட்ட பிள்ளை பெரும்பாலும் நான்தான். என்னை இறக்கிவிட்டு, தானும் இறங்கி, சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாரும் சலித்துக்கொண்டதில்லை. அந்த நிறுத்தத்திலேயே இன்னும் நான்கு பேர் இறங்கி, காலை நீட்டி மடக்கிவிட்டு ஏறுவார்கள்.

அழகர்கோயிலுக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 21 கிலோமீட்டர். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று வரும் அந்த வழி நெடுகிலும் மண்டகப்படிகள். ஊர்க்காரர்களும் குடும்பங்களும் தொழில் செய்கிறவர்களும் அழகரை எழுந்தருளச் செய்து உபசரிப்பதற்காகக் கட்டிய மண்டபங்கள், போடும் பந்தல்கள். இன்று அவை 400-க்கும் மேல். கள்ளர் திருக்கோலத்தில் மாலையில் மலையடிவாரத்தை விட்டுக் கிளம்புகிற அழகர் ஒவ்வொன்றிலும் நின்று, தீபாராதனை வாங்கிக்கொண்டு, மூன்றுமாவடிக்கு வந்து சேரும்போது விடிந்துவிடும். மதுரைக்காரர்கள் அங்கே எதிர்கொண்டு அழைப்பதுதான் எதிர்சேவை. மூன்றுமாவடிக்கு வரவே ஓர் இரவு முழுக்க ஆகிறது. சாமியே அப்படி நின்று நின்று வருகிற பாதையில், கூட வருகிற கிழவி ஒருத்தி உட்கார்ந்து உட்கார்ந்து வருவதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாமி நிற்கிற இடத்தில் மனிதர்களுக்கும் நிழல் இருந்தது, கல்திண்ணை இருந்தது, பானகமும் நீர்மோரும் இருந்தன. சாலையோரத்துப் புளியமரங்களுக்கு அடியில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. அந்தச் சாலை நடக்கிறவர்களுக்காக அமைந்த சாலை. நடக்கிறவர் களைப்பார் என்பதைத் தெரிந்துகொண்டு அமைத்திருந்தார்கள். முதியவருக்கென்று தனியாக எதையும் யாரும் செய்யவில்லை. எல்லோருக்கும் செய்துவைத்ததில் முதியவருக்கானதும் அடங்கியிருந்தது.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மண்டபங்களில் எல்லாச் சாதியாரும் சரிசமமாக உட்கார்ந்துவிடவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்த ஊர் இது. பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருந்ததையும், இருட்டியதும் பூச்சி பொட்டுக்குப் பயந்துகொண்டே கருவேலம் புதர்ப்பக்கம் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்பத்தாவின் கண்புரைக்கு வைத்தியம் பார்க்காமலேயே பல வருடம் விட்டிருந்தார்கள். வேகத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். அன்றைய வேகம் முதியவரின் வேகத்தோடு ஒத்துப்போனது.

இன்று அதே சாலையில் காரில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் மலையடிவாரம். என் அம்மா எண்பதை நெருங்குகிறாள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இருக்கை மெத்தென்று இருக்கிறது, குளிர்காற்று வருகிறது, வெயில் படுவதில்லை. மாட்டுவண்டியில் குலுங்கிப் போன அப்பத்தாவோடு ஒப்பிட்டால் அம்மாவுக்கு எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் அப்பத்தா இறங்கிய இடங்களில் அம்மாவால் இறங்க முடியவில்லை. சாலை அகலமானபோது புளியமரங்கள் பல போய்விட்டன. கல்மண்டபங்கள் சில கடைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டன, சில பூட்டிக் கிடக்கின்றன. வண்டியை ஓரம்கட்டினால் பின்னால் வருகிறவர் ஒலிப்பானை விடாமல் அழுத்துகிறார். புறப்பட்ட இடமும் போய்ச் சேரும் இடமும் மட்டும் மிஞ்சி, நடுவில் இருந்தது எல்லாம் காணாமல் போயிருக்கிறது. முதியவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த நடுவழிதான்.

பயணத்தன்று காலையில் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டாள். செம்பை நீட்டினாலும் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தருவாள். "தண்ணி குடிச்சுட்டா அப்புறம் எங்க போறதுத்தா? வீட்டுக்கு வந்து குடிச்சுக்கிறேன்" என்பாள். இது அவள் ஒருத்தியின் பழக்கமில்லை; அவள் வயதுப் பெண்கள் அத்தனை பேரும் இதைத்தான் செய்கிறார்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மழுங்கிவிடும். உடம்பில் நீர் வற்றினாலும் நாக்கு கேட்காது. ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் தருகிற மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரியவைத்து வெளியேற்றுபவை. ஒரு பக்கம் மாத்திரை நீரை வெளியே தள்ள, இன்னொரு பக்கம் அவள் குடிக்காமல் இருக்க, நடுவில் சித்திரை வெயில். வரிசையில் நிற்கும்போது தலை சுற்றி விழுகிற மூதாட்டிகளைப் பார்த்து, "வயசாயிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். போகிற வழியில் அவர்கள் நம்பி உட்காரக்கூடிய ஒரு கழிப்பறை இருந்திருந்தால் அவர்களில் பலர் விழுந்திருக்கமாட்டார்கள். இந்திய முறைக் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார அம்மாவால் முடியாது. உட்கார்ந்தாலும் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி வேண்டும். வெளியே போகும் நாளில் மாத்திரையை எப்போது சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளலாம், நாமாக நிறுத்தக்கூடாது. வழியில் உறவுக்காரர் வீடு எது, அந்த வீட்டுக் கழிப்பறை எப்படி என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால், "சித்தி வீட்டுல இறங்கிட்டுப் போவோம்மா" என்ற ஒரு வார்த்தைக்கு அவள் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாள். நான் இப்போது பயணத்தை வகுப்பது கோயில் நடை திறக்கும் நேரத்தை வைத்து அல்ல, சித்தி வீட்டை வைத்துத்தான்.

அடுத்தது கால். நம் கோயில்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். சித்திரை மாதத்துப் பகல் பதினொரு மணிக்குக் கருங்கல் தளம் எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும். நாம் ஓடிக் கடந்துவிடுவோம். அம்மா ஓடமாட்டாள். நெடுநாள் சர்க்கரை நோய் பாத நரம்புகளை மழுங்கடித்துவிடுகிறது. "காலு மதமதன்னு இருக்கு" என்று அவர்கள் சொல்வது அதைத்தான். சூடு பட்டுத் தோல் வெந்தாலும் வலி தெரியாது. மெதுவாக, நிதானமாக, சுடுகல் மீது நடந்து வருவார்கள். வீட்டுக்கு வந்தபின் பாதத்தில் கொப்புளம் இருக்கும். ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கிற நிலை வரைக்கும் கொண்டுபோகிற கொப்புளம் அது. பெரியவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமான எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். தடித்த பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள். சின்ன வயதில் திருவிழாவில் முள் குத்திய என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவள்தான் என் அம்மா.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று பெரியவர்களை அங்கே அழைத்துப் போவதில்லை என்பது எங்கள் வீட்டு முடிவு. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தங்கக் குதிரையில் அழகர் வைகைக்குள் இறங்குகிற அந்த விடியலைப் பார்க்காத சித்திரை அம்மாவுக்குச் சித்திரையே அல்ல. அப்பத்தா காலத்தில் ஆற்று மணலிலேயே வண்டியை அவிழ்த்துப் போட்டு, அடுப்புக்கூட்டிப் பொங்கி, மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து, நிலவொளியில் படுத்துக் கிடந்தோம். அந்த மணல் இப்போது அங்கே இல்லை. வைகை அணையிலிருந்து விழாவுக்கென்று திறந்துவிடும் தண்ணீர் வருகிறது. இரு கரையிலும், பாலங்களிலும், சாலைகளிலும் லட்சக்கணக்கில் கூட்டம். 2022-இல் அந்த நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். கைத்தடி ஊன்றியவரையோ சக்கர நாற்காலிக்காரரையோ அதற்குள் கொண்டுபோவது பக்தியும் ஆகாது, பாசமும் ஆகாது. தொலைக்காட்சியில் நேரலை வரும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அம்மா சொல்வாள்: "பாத்தேன். ஆனா அவரு என்னப் பாக்கலியே."

அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. கோயிலுக்குள் வரமுடியாதவர்களைத் தேடி வீதிக்கு வருவதற்குத்தானே உற்சவமூர்த்தி? நடக்க முடியாதவர் இருக்கிற இடத்துக்கு அவரே வருகிறார். நாம் செய்ய வேண்டியது அவர் வருகிற பாதையில் கூட்டம் குறைவான இடத்தையும் வேளையையும் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். வண்டியூரில் தங்கி, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்து, ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் காட்டி, தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு ஏறி, எல்லாம் முடிந்து அழகர் மலைக்குத் திரும்புகிறாரே, அந்தத் திரும்புகால்தான் முதியவர்களுக்கான நாள். மதுரை நகரத்துக் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும். காலை இளவெயிலில் அப்பன்திருப்பதி, கள்ளந்திரி வழியாக அவர் மலைக்குப் போவார். பாதையோரத்தில் ஊர்ச்சனம் மட்டும் நிற்கும்.

அப்படி ஒரு காலையில் அப்பன்திருப்பதியில் ஒரு மண்டகப்படிக்கு அருகே மடக்கு நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். மடியில் சர்க்கரைச் செம்பு. பித்தளைச் செம்பில் நாட்டுச்சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் வாய் கட்டி, மேலே சூடம் ஏற்றி அழகரை எதிர்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு மூதாட்டியையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் அம்மாவை உற்றுப் பார்த்தார். "நீ மேலத்தெரு வாத்தியார் வீட்டு மருமகதானே?" என்றார். அம்மாவுக்குக் காது மந்தம். ஆனால் இந்தக் கேள்வி கேட்டுவிட்டது. பிறகு அங்கே நடந்த பேச்சில் நாங்கள் யாருக்கும் இடமில்லை. எந்த வருடம் கம்மாய் உடைந்தது, யார் வீட்டுக் காளை மேலூர் சந்தையில் விலை போனது, எந்தச் சித்திரையில் யாருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள், அந்த மாப்பிள்ளை இப்போது இருக்கிறாரா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நேற்றுச் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் தடுமாறுகிற அம்மா, ஐம்பது வருடத்துக்கு முந்திய உறவுமுறைகளை ஒரு பெயர் விடாமல் சொன்னாள். வயதானவர்களுக்குப் பழைய நினைவு புதிய நினைவைவிடக் கெட்டியாக நிற்கும் என்று படித்திருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன்.

வேட்டுச் சத்தம் நெருங்கியது. கொட்டு நெருங்கியது. தோல்பையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சுகிறவர்கள் முன்னே வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் நாற்காலிகளைப் பார்த்ததும், பீய்ச்சாமல் கையில் தண்ணீர் எடுத்து இரண்டு கிழவிகள் மீதும் தெளித்துவிட்டுப் போனான். பல்லக்கு வந்து மண்டகப்படியில் நின்றது. சூடத்தை ஏற்றிச் செம்பை அவள் கையில் கொடுத்தேன். கை நடுங்கியதால் அடியில் என் கையை வைத்துக்கொண்டேன். அழகர் நின்றார். அம்மாவுக்கு இரண்டடி தூரம்கூட எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பூசணிக்காய்களில் சூடம் ஏற்றி அழகருக்குத் திருஷ்டி கழிப்பார்கள் என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதுவரை என் பிள்ளைக்குச் சொல்லாத செய்தி அது.

காசு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பத்தாவின் முந்தியில் எப்போதும் காசு முடிந்திருக்கும். திருவிழாவில் அந்த முடிச்சு அவிழும். சவ்வு மிட்டாய், பனையோலை விசிறி, ராட்டினம், அத்தனைக்கும் அவள்தான் எண்ணிக் கொடுப்பாள். எங்கள் கண்ணுக்கு அவள் பெரிய மனுஷியாகத் தெரிந்தது அந்த வேளையில்தான். இப்போது அம்மா கையில் காசு இருப்பதில்லை. ஓய்வூதியம் வங்கிக்குப் போகிறது, அட்டை என்னிடம் இருக்கிறது, கடைக்காரரிடம் தொங்குகிற சதுரப் படத்தைக் கைப்பேசியால் பிடித்து நான் பணம் கட்டிவிடுகிறேன். அவள் பக்கத்தில் சும்மா நிற்கிறாள். வெளியே போகிற நாளில் அவள் சுருக்குப்பையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகப் போட்டுக் கொடுக்கிறேன். பேரம் பேசுகிறாள், பேத்திக்கு வளையல் வாங்குகிறாள், எனக்கும் ஒரு சீப்பு வாங்கித் தருகிறாள். அன்று முழுக்க அவள் முதுகு நிமிர்ந்திருக்கிறது. அழைத்துப் போகிறவர்கள் எல்லாச் செலவையும் தாங்களே செய்துவிடாதீர்கள். செலவழிப்பதும் அவர்களுக்கு வேண்டியிருக்கிற இன்பம்.

விழா இல்லாத நாட்களிலும் போகலாம். சொல்லப்போனால் அதுதான் நல்லது. வைகாசியில் ஒரு வார நாளின் காலையில் அழகர்கோயிலுக்குப் போங்கள். கோட்டை மதிலுக்குள் மரநிழல் உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதிக்கு முன் சந்தனம் பூசிய கதவைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். மேலே பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் வண்டிகள் போகின்றன. படியேற முடியாதவர்களை நூபுர கங்கைக்குக் கட்டாயப்படுத்தாமல் சோலை நிழலோடு நிறுத்திக்கொள்ளலாம். குரங்குகள் பையைப் பிடுங்கும், கையில் எதையும் ஆட்டிக்கொண்டு போகவிடாதீர்கள். அழகர்கோயில் தோசை கனமானது, மொறமொறப்பானது. பல்லில்லாதவருக்குச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தால் மிளகின் காரத்தை நாக்கிலேயே வைத்திருந்து ரசிப்பார்கள். அவ்வளவு தூரமும் முடியாதென்றால் நகருக்குள்ளேயே மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. பல வருடம் வறண்டு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற இடமாகக் கிடந்ததில் இப்போது தண்ணீர் நிற்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் நடுமண்டபத்தைத் தொட்டு வருகிற காற்றுக்கு, கரையில் உட்கார்ந்திருக்கும் மூட்டுவலிக்காரர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

அரசு செய்திருப்பதையும் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் யாரையும் காசு கேட்காமல் வெளியே கிளம்புகிற துணிவு எத்தனையோ மூதாட்டிகளுக்கு வந்திருக்கிறது. இதை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் பல பேருந்துகளின் முதல் படி இன்னும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், திருப்பித் தரவில்லை. அறுபடை வீடுகளுக்கு முதியவர்களை இலவசமாக அழைத்துப் போகும் திட்டத்தை இந்து சமய அறநிலையத் துறை 2024-இல் தொடங்கியது நல்ல காரியம். அதற்கான வயது 60 முதல் 70. எழுபதுக்கு மேற்பட்டவர்களை உடல்நிலை கருதி விட்டிருக்கலாம். ஆனால் தனியாகக் கிளம்ப முடியாமல் வீட்டோடு கிடப்பவர்கள் அந்த வயதுக்காரர்கள்தான். அவர்களுக்கு மருத்துவத் துணையோடு ஒருநாள் பயணமாவது வேண்டும்.

மண்டகப்படி நடத்துகிற ஊர்ப்பெரியவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பந்தல் போடுகிறீர்கள், நீர்மோர் தருகிறீர்கள், அன்னதானம் செய்கிறீர்கள். அடுத்த சித்திரையில் உங்கள் பந்தலின் முன்வரிசையில் கைப்பிடி வைத்த பத்து நாற்காலிகளை முதியவர்களுக்கென்று ஒதுக்குங்கள். பந்தலுக்குப் பின்னால், உட்காரும் பீடமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையை ஏற்பாடு செய்யுங்கள். இன்ன இடத்தில் இந்த வசதி உண்டு என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். மாநகராட்சியும் ஊராட்சிகளும் 21 கிலோமீட்டர் வழியில் நிரந்தரமாகவே அப்படிச் சில கட்டித் தரட்டும். பிள்ளைகளே, கொடியேற்றத்துக்கு முன்பே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்கிற இடம் நீங்கள் நினைத்திருந்த இடமாக இருக்காது. அங்கேயே அழைத்துப் போங்கள்.